பிறக்கலாம், ஆனால் இருக்கேலாது

நாங்கள் குடியிருக்கிற கட்டடத்தின் படிக்கட்டடியில் ஒரு பலகை தொங்குகிறது. குழந்தை வண்டிகளை இங்கே நிறுத்தக் கூடாது என்று அதில் எழுதியிருக்கிறது. நாயைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. முதலாம் மாடிக் கிழவரின் நாய் அந்தப் பலகைக்குக் கீழேதான் கால் நீட்டிப் படுத்திருக்கும். நாங்கள்தான் அதைத் தாண்டிப் போகவேண்டும். டோர்ட்மண்டுக்கு வந்து இருபது வருடமாகிவிட்டது, இந்தப் பலகை மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை. தொலைக்காட்சியைப் போட்டால், ஜெர்மனியில் பிள்ளை பிறப்பது குறைந்துவிட்டது என்று கோட் போட்டவர்கள் வட்டமாக இருந்து கவலைப்படுகிறார்கள். கீழே இறங்கி வந்தால் பிறந்ததை நிறுத்தி வைக்க இடமில்லை. கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற ஹவுஸ்மைஸ்டர் கொஸ்லொவ்ஸ்கியிடம் ஒருநாள் இதைக் கேட்டேவிட்டேன். "தீப்பிடித்தால் எல்லாரும் ஓட வழி வேண்டும்" என்றார். "அப்ப நாய்?" என்றேன். "நாய் தானாக ஓடும்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறதுதான்.

பலகையைப் பற்றி இப்போது எழுத வந்ததற்குக் காரணம் மேல்மாடிச் சுகந்தியின் பிள்ளை வண்டி. ஆனால் வண்டிக்கு முன்னம் பிள்ளை, பிள்ளைக்கு முன்னம் ஒரு சட்டம் என்று கதை பின்னாலே போகிறது. கொஞ்சக் காலத்துக்கு முன் கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்தவேண்டும் என்று இங்கே சில அரசியல்வாதிகள் பேசத் தொடங்கினார்கள். இருக்கிற சட்டப்படி, கருவைக் கலைக்க நினைக்கிற பெண் முதலில் ஓர் ஆலோசனை நிலையத்துக்குப் போய்ப் பேசவேண்டும், பேசிய பிறகு சில நாள் பொறுத்திருந்து யோசிக்கவேண்டும். பேசவும் வேண்டாம், பொறுக்கவும் வேண்டாம் என்று அதை மாற்றப் பார்த்தார்கள். எங்கள் பங்குக் கோயிலில் இதற்கு எதிராகக் கையெழுத்துச் சேர்க்கும் வேலையைத் தலையில் போட்டுக்கொண்டவர் ஃப்ராவ் லின்டமன். ஓய்வுபெற்ற லத்தீன் ஆசிரியை, கலியாணம் முடிக்காதவர், உறைபனியிலும் சைக்கிளில் வருகிறவர். ஜெர்மன் பூசைக்கு வருகிற நரைத்த தலைகளிடம் கையெழுத்து வாங்கி முடித்ததும், மாதத்துக்கு ஒருமுறை நடக்கிற எங்கள் தமிழ்ப் பூசைக்கு வந்து நின்றார். வாங்கு நிரம்பி, பின்பக்கமும் சனம் நின்று, பிள்ளைகள் பீடத்தடியில் ஓடிப்பிடித்து விளையாடுகிற கோயிலைக் கண்டதும் அவருடைய முகம் பூத்துவிட்டது.

மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஜெசிந்தா, மன்னார்ப் பெண், முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. அங்கே கிழவர்களோடு வாய்க்கு வாய் கொடுத்துப் பழகிய ஜெர்மன்தான் என்னுடைய ஜெர்மன். ஃப்ராவ் லின்டமன் கர்ப்பத்தில் இருக்கும் உயிரின் மாண்பைப் பற்றி உருக்கமாகப் பேசினார். நானும் உருக்கமாகவே சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள், ஒருவரும் பேனையை எடுக்கவில்லை. எங்கள் தமிழ்ப் பூசையின் தலைவர் பீற்றர் அண்ணை மெதுவாக என் காதடிக்கு வந்தார்.

"தங்கச்சி, இதில கையெழுத்து வைச்சா விசாவுக்கு ஏதும் பிரச்சினை வருமோ எண்டு கேட்டுச் சொல்லுங்கோ."

நான் கேட்டேன். ஃப்ராவ் லின்டமனுக்கு விளங்கவில்லை. இவர்களுக்குத் திருச்சபையின் போதனையில்தான் சந்தேகம் என்று நினைத்து, ஆதாமிலிருந்து திரும்பத் தொடங்கினார். ஏவாளைத் தாண்டி மரியாள் வரைக்கும் வந்து மூச்சு வாங்கியபோது பீற்றர் அண்ணை மறுபடியும் தலையாட்டிவிட்டு, "எல்லாம் சரி, விசாவைப் பற்றி என்னவாம்?" என்றார். கையெழுத்து என்றால் எங்களுக்கு அப்படி. அகதி விசாரணையில் நாங்கள் வைத்த கையெழுத்துக்குக் கீழே, நாங்கள் சொல்லாததெல்லாம் எங்கள் வாக்குமூலமாகிப் போனதைப் பார்த்தவர்கள் நாங்கள். விசாவுக்கு ஒன்றும் வராது என்று நான் என் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்ன பிறகுதான் பேனைகள் வெளியே வந்தன. நானும் வைத்தேன். இன்றைக்குக் கேட்டாலும் வைப்பேன், அதில் எனக்கு மயக்கமில்லை.

ஆனால் அந்தச் சட்டத்தை விளங்கப்படுத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஜெர்மன் சட்டம் கருக்கலைப்பைச் சரி என்று சொல்லவில்லை. பிழை என்றுதான் சொல்கிறது. பிழைதான், ஆனால் சொன்னபடி ஆலோசனைக்குப் போய்வந்தால் தண்டிக்க மாட்டோம் என்கிறது. "பிழை எண்டால் பிழை, சரி எண்டால் சரி. இதென்ன விசர்க் கதை?" என்றார் பீற்றர் அண்ணை. "ஏன் அண்ணை, டுல்டுங்கை மறந்துபோனியளோ?" என்றேன். டுல்டுங் என்றால் ஊரில் இருக்கிற உங்களுக்குச் சொல்லவேண்டும். அகதி விண்ணப்பம் தள்ளுபடியானவருக்கு, நீ இந்த நாட்டில் இருக்கக் கூடாது, ஆனால் இப்போதைக்கு உன்னைப் பிடித்து அனுப்பவில்லை என்று கொடுக்கிற தாள் அது. குறுக்கே ஒரு சிவப்புக் கோடு ஓடும். சில மாதத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வரிசையில் நிற்கவேண்டும். என்னுடைய இளமையின் நல்ல பாதி அந்தச் சிவப்புக் கோட்டின் மேல்தான் நடந்தது. என் மூத்த மகள் பிறந்ததும் அந்தத் தாளோடுதான். இருக்கிறது பிழை, இருந்தால் தண்டனை இல்லை. அந்தச் சட்டத்தை எழுதினவருடைய மச்சான்தான் இந்தச் சட்டத்தையும் எழுதியிருக்கவேண்டும்.

எங்கள் ஊரில் இதெல்லாம் எவ்வளவு லேசாக இருந்தது! மன்னாரில் கருக்கலைப்பு என்ற சொல்லே ஒருவர் வாயிலும் வந்து நான் கேட்டதில்லை. அங்கேயும் சட்டம் கடுமையானதுதான், ஆனால் சட்டத்தை யார் கண்டது? ஒரு பெட்டை சில நாள் பள்ளிக்கூடம் வராமல் நின்றால் "அவளுக்கு வயித்துக்குள்ள சுகமில்லையாம்" என்பார்கள். தாய்க்காரி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, ஊரில் ஒருவரும் பெயர் சொல்லாத ஒரு டொக்டரிடம் பஸ்ஸில் போய்வருவாள். போகிற பஸ்ஸில் இருக்கிற எல்லாருக்கும் விஷயம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சுவாமியார் பிரசங்கத்தில் பாவத்தைப் பற்றி முழங்குவார், தாய்க்காரி முதல் வாங்கில் முக்காடு போட்டுக்கொண்டு இருப்பாள். திரும்பி வராமல் போன பெட்டைகளும் உண்டு. அவர்களுக்குக் காய்ச்சல் என்றோம், அடக்கம் பண்ணினோம். கேட்க வெறுப்பாக இருந்தாலும் நடந்தது அதுதான். அதனால்தான் முன்பின் தெரியாத பெண்ணை இருத்தித் தண்ணீர் கொடுத்துப் பேசுகிற ஓர் இடத்தை மூடிவிடாதே என்று சொல்ல எனக்கு மனம் வந்தது.

அப்படிக் கையெழுத்து வைத்து மாதம் திரும்பவில்லை, மேல்மாடிச் சுகந்தி என் கதவைத் தட்டினாள். அவளும் புருஷன் ரூபனும் டுல்டுங்காரர். ரூபன் ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுகிறான். அவள் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்: "அக்கா, வயித்தில நிண்டுபோச்சு. ஆலோசனைக்கு நாள் குறிச்சு டெர்மின் எடுத்திருக்கிறன். நீங்கள் வந்து கதைக்கவேணும்." எனக்குத் தலையில் இடி விழுந்ததுபோல இருந்தது. நான் கையெழுத்துச் சேர்த்துக் காப்பாற்றப் பார்த்த அதே ஆலோசனைக்கு, நானே போய் மொழிபெயர்க்கவேண்டும். இதைச் சபைக்கு முன் எழுதலாமா என்று சுகந்தியிடம் கேட்டேன். "எழுதுங்கோ, என்ர பேரைப் போட்டே எழுதுங்கோ, ஒளிக்க என்ன கிடக்கு" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

ஆலோசனை அறையில் மேசை மேல் தண்ணீர், கண் துடைக்கத் தாள், ஒரு பூச்சாடி. ஆலோசனை சொல்ல இருந்தவள் தங்கமான மனுஷி, தாழ்ந்த குரலில் பேசினாள். "முடிவை நாங்கள் எடுக்க மாட்டோம். நீங்கள்தான் எடுக்கவேண்டும்" என்றாள். "என்னவாம்?" என்று சுகந்தி கேட்டாள். "நீதான் முடிவெடுக்கவேணுமாம்" என்றேன். சுகந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்த நாட்டுக்கு வந்தாப் பிறகு என்னை முடிவெடுக்கச் சொன்ன முதல் சாமான் இதுதான் அக்கா." அவள் ஏன் சிரிக்கிறாள் என்று அந்த மனுஷிக்கு விளங்கவில்லை, பதற்றத்தில் சிரிக்கிறாள் என்று நினைத்துத் தண்ணீரைத் தள்ளி வைத்தாள். பிள்ளையைப் பெறுவதற்கு எது தடையாக இருக்கிறது என்று கேட்டாள். "விசா" என்றாள் சுகந்தி, மொழிபெயர்ப்பு இல்லாமலே. அந்த மனுஷி தன்னால் தரக்கூடியதையெல்லாம் சொன்னாள்: பிள்ளை உடுப்புக்கு உதவி, கட்டிலுக்கு உதவி, வண்டிக்கு உதவி. விசா மட்டும் வேறு கந்தோரின் அலுவல்.

பொறுத்திருக்கச் சொன்ன நாள் முடிய அவளே வந்து சொன்னாள். "பெறப்போறன் அக்கா. என்னை இஞ்ச ஒருத்தரும் இரு எண்டு சொல்லேல்ல. இதையாவது நான் இரு எண்டு சொல்லுறன்." நான் அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன், வெட்கமில்லாமல் எழுதுகிறேன். அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. சந்தோஷத்தில் ஃப்ராவ் லின்டமனிடமும் சொல்லட்டுமா என்று அவளிடமே கேட்டுச் சொல்லிவிட்டேன். அவர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

அந்தப் புதுச் சட்டத்துக்கு எதிராக டுசல்டோர்ஃபில் ஊர்வலம் என்றார்கள். பீற்றர் அண்ணை பஸ் பிடித்தார். எங்களுக்கு ஜெர்மனியில் பஸ் பிடித்துக் கோயில் சம்பந்தமாக எங்கேயும் போவதென்றால் அது திருத்தலத்துக்குத்தான். ஆகவே காஞ்சிபுரம் வெளியே வந்தது. எங்கள் மன்னார் மடுக் கோயில் மாதாவின் சின்னச் சுரூபம் பட்டுத் துணியில் சுற்றி முன் சீற்றில் வந்தது. பெட்டி பெட்டியாக மீன் ரோல்ஸ். பின் சீற்றில் இளசுகளின் பைலாப் பாட்டு. போய் இறங்கினால் அங்கே சாம்பல் நிறக் கோட்டுகளில் நின்றவர்கள் உதட்டில் விரலை வைத்தார்கள். அது மௌன ஊர்வலமாம். தமிழ்ச் சனத்தைச் சேலையும் உடுத்திச் சுரூபத்தையும் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் நட என்றால் எப்படி நடக்கும்? எங்கேயோ ஒரு கிழவி செபமாலையைத் தொடங்க, இரண்டாவது மணி உருளுவதற்குள் எல்லாரும் சேர்ந்துவிட்டோம். தெருவோரத்தில் எங்களை எதிர்த்து நின்ற இளம் பெண்கள் விசில் அடித்தார்கள். வரவேற்கிறார்கள் என்று நினைத்துப் பீற்றர் அண்ணை கையைக் காட்டினார். இன்னும் ஒருபடி மேலே போய், ஊதா நிறத் தலைமயிரோடு நின்ற ஒரு பெட்டைக்கு ரோல்ஸ் நீட்டினார். அவள் அதில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். மீன் என்றதும் கையை இழுத்துக்கொண்டாள். "உயிரைக் கொல்லக் கூடாதாம்" என்று பீற்றர் அண்ணை வந்து எனக்கு ரகசியமாகச் சொன்னார்.

எல்லாருக்கும் ஒரு வெள்ளைச் சிலுவை தந்தார்கள். பிறக்காத பிள்ளைகளுக்காகவாம். பெயர் எழுதாத சிலுவையை எங்கள் சனம் கண்டதில்லை. எழுத மறந்துபோனார்களாக்கும் என்று ஒருவர் பேனையைக் கேட்டு வாங்க, அது கைமாறிக் கைமாறிப் போனது. ஊரில் மடுப் பக்கம் ஷெல் விழுந்துகொண்டிருந்த நாட்கள் அவை. ஒருத்தி தம்பியின் பெயரை எழுதினாள், ஒருவர் தாயின் பெயரை. நான் என் மச்சாளின் பெயரை எழுதினேன். ஊர்வலத்தை நடத்தியவர் ஒருவர் வந்து அதை வாசித்துவிட்டு, "இவர்கள் பிறந்தவர்களா?" என்று கேட்டார். "ஓம், பிறந்தவர்கள்தான்" என்றேன். இது வேறு விஷயத்துக்கான ஊர்வலம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, எங்களைப் பின்வரிசைக்கு அனுப்பினார். சுகந்தியை மட்டும் வயிற்றோடு முன்வரிசையில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். அந்தப் படம் பங்குப் பத்திரிகையில் முழுப் பக்கத்துக்கு வந்தது.

பிள்ளை பிறந்தான். டிலக்சன் என்று பெயர். கறுப்பாக, கொழுக்கு மொழுக்கென்று, அப்பனை உரித்து வைத்திருந்தான். ஃப்ராவ் லின்டமன் எங்கேயோ தேடி, கப்பல் மாதிரி ஒரு வண்டியைச் சைக்கிளின் பின்னால் கட்டி இழுத்து வந்தார். அதே கிழமை அரசாங்கமும் அவனுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. மதிப்புக்குரிய திரு டிலக்சன் என்று தொடங்கியது. பிறந்ததைப் பதிந்ததுமே அவன் அகதி விண்ணப்பம் செய்ததாகக் கணக்காம், பரிசீலித்தார்களாம், அவனுக்கு இலங்கையில் ஆபத்து இல்லையாம், நாட்டை விட்டு வெளியேறவேண்டுமாம். அவன் இன்னும் அறையை விட்டே வெளியேறவில்லை. நான் அதை ஃப்ராவ் லின்டமனிடம் கொடுத்தேன். திரும்பத் திரும்ப வாசித்தார்.

"ஆனால் இவன் பிறந்துவிட்டானே!" என்றார்.

"அதுதான் பிரச்சினை" என்றேன். "வயிற்றுக்குள் இருந்த வரைக்கும் எல்லாருக்கும் வேண்டிய பிள்ளை."

கோபத்தில் சொன்னேன், அவருக்குச் சுட்டது. ஆனால் மனுஷி அடுத்த ஞாயிறே கோயில் வாசலில் புதிய தாளோடு நின்றார்: டிலக்சன் இருக்க விடுங்கள் என்று. பிறக்காத பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு மூச்சில் கையெழுத்து வைத்தவர்கள், பிறந்த ஒன்றுக்கு வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். இதைப் பிரித்துப் பார்க்கவேண்டும் என்றார் ஒருவர். இது அரசியல் என்றார் இன்னொருவர். சட்டம் சட்டம்தானே என்றார், ஊர்வலத்தில் முன்வரிசையில் சட்டத்துக்கு எதிராக நடந்தவர். சரி, வெள்ளையர்தானே என்று தமிழ்ப் பூசைக்கு வந்தால், ஜெர்மன் பாஸ்போர்ட் எடுத்துவிட்ட பீற்றர் அண்ணை பெருமூச்சு விட்டார். "எல்லாரையும் வைச்சிருக்க அவங்களாலும் ஏலாதுதானே தங்கச்சி. நாங்கள் வரேக்க உண்மையான பிரச்சினை இருந்தது." எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, மடுமாதா கையில் இருந்தபடியால்தான் சும்மா நின்றேன்.

வெளிநாட்டவர் கந்தோரிலிருந்து டெர்மின் வந்தது, பிள்ளையைக் கொண்டு வரவேண்டும் என்று. உடனே எங்கள் பெண்கள் கொதித்து எழுந்தார்கள். வெளியேறச் சொன்னதற்கு அல்ல. முப்பத்தொன்று கழியவில்லை! எங்களில் பிள்ளை பிறந்தால் துடக்கு; முப்பத்தோராம் நாள் கழியும் மட்டும் தாயும் பிள்ளையும் வாசல் தாண்டுவதில்லை, வேதக்காரரான நாங்களும் அப்படித்தான். நாடு கடத்துவதென்றாலும் துடக்குக் கழிந்த பிறகுதான் கடத்தலாம் என்று பீற்றர் அண்ணையின் மனைவி அடித்துச் சொல்லிவிட்டாள். நான் கந்தோருக்கு ரெலிபோன் எடுத்தேன். பிள்ளைக்கு நோயா என்று கேட்டார்கள். இல்லை, சுகமாக இருக்கிறான், ஆனால் வர ஏலாது, அது எங்கள் விதி என்றேன். விதி எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஃப்ராவ் லின்டமன் லத்தீன் மாதிரி நீளமான ஜெர்மன் வசனங்களில் எழுதிக் கொடுத்தார். பங்குச் சுவாமியார் கீழே முத்திரை குத்தினார். முத்திரையைக் கண்டதும் கந்தோர் பணிந்தது. ஷெல் விழுகிறது என்று நாங்கள் சொன்னதை நம்பாதவர்கள் துடக்கை நம்பினார்கள்.

அதற்குள் ஒரு வழக்கறிஞரைப் பிடிக்க முடிந்தது, அதுவும் ஃப்ராவ் லின்டமனின் பழைய மாணவன். முப்பத்தொன்று கழிந்து, பிள்ளைக்குத் தலை முழுகவார்த்து, நாங்கள் கந்தோருக்குப் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். இவள் தாய், இவன் தந்தை, இவர் மொழிபெயர்ப்பாளர், நீங்கள் யார் என்று ஃப்ராவ் லின்டமனைக் கேட்டான். அவர் நிமிர்ந்து இருந்தார். "இவனைப் பிறக்கச் சொன்னவர்களில் நான் ஒருத்தி" என்றார். அந்தப் பெடியன் எழுதுவதற்கு அதில் ஒன்றும் இல்லை, பேனையைக் கீழே வைத்தான். வழக்கு முடியும் மட்டும் டிலக்சனுக்கும் டுல்டுங் தருவதாகச் சொன்னான். அதற்குப் படம் வேண்டும், படத்தில் கண் திறந்திருக்கவேண்டும். கண் மூடிக் கிடந்தவனை அரசாங்கத்துக்காக எழுப்பி, அழவைத்து, ஒரு படம் எடுத்துக் கொடுத்தோம். சிவப்புக் கோடு அவனுடைய பெயருக்குப் பக்கத்தால் ஓடுகிறது.

இப்போது அவன் எழுந்து நிற்கப் பார்க்கிறான். வழக்கு இன்னும் நடக்கிறது, தாள் மாதக்கணக்கில் நீண்டுகொண்டு போகிறது. சட்டத்தை மாற்றுகிற பேச்சு அடங்கிவிட்டது. நாங்கள் வென்றோம் என்று பங்குப் பத்திரிகையில் போட்டிருந்தார்கள். அந்த வண்டியை மேல்மாடிக்குத் தூக்க ஏலாது, சுமோ மல்யுத்தக்காரன் வேண்டும். கொஸ்லொவ்ஸ்கி கொஞ்ச நாள் முறைத்துப் பார்த்தார். பிறகு ஒருநாள் நாயை ஒரு பக்கம் தள்ளிப் படுக்கவைத்துவிட்டு, பலகைக்குக் கீழே வண்டிக்கு இடம் விட்டார். உருளாமல் இருக்க முன் சக்கரத்துக்கு ஒரு மரக்கட்டையும் வெட்டி வைத்தார். "இப்போதைக்குத்தான்" என்றார் என்னிடம். பலகையைக் கழற்றவில்லை.

சுகந்தி தினமும் அந்த வண்டியை வாசலைப் பார்த்தபடிதான் நிறுத்துகிறாள். மற்றப் பக்கம் திருப்பி விட்டால் வழியில் இடம் கூடுதலாகக் கிடைக்கும். நேற்று அதைச் சொன்னேன். அவள் குனிந்து மரக்கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் காலால் தள்ளினாள். உள்ளே டிலக்சன் நித்திரை.

"இருக்கட்டும் அக்கா" என்றாள். "எழும்பிப் போ எண்டாங்கள் எண்டால், திருப்பிக்கொண்டு நிக்க நேரமிராது."